ஒரு படுக்கையறை வீட்டில் ஹாம்ஸ்டர் கூண்டு: எலியைக் கடைசியில் வாங்குங்கள்

ஹாம்ஸ்டர் என்ற சின்ன வளர்ப்பு எலியை வளர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாலையில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். கடைக்குப் போகிறார்கள், ஒரு குட்டி பிடித்துப்போகிறது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒன்றரை அடிக் கம்பிக் கூண்டையும் ஒரு பை மரத்தூளையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். மறு மாதம் என்னை அழைக்கிறார்கள். இரவெல்லாம் கம்பியைக் கடிக்கிறது, தூங்க முடியவில்லை, நாற்றமடிக்கிறது, எறும்பு மொய்க்கிறது, கையை நீட்டினால் கடிக்கிறது.

முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். சென்னையில் ஒரு படுக்கையறை வாடகை வீட்டில் இருக்கிறேன். அதன் பிறகு எனக்கும், தெரிந்தவர்கள் நான்கைந்து பேருக்கும் கூண்டு அமைத்துக் கொடுத்ததில் ஒன்று புரிந்தது. இந்த வேலையில் பொருளைவிட வரிசை முக்கியம். முதலில் இடம், பிறகு அளவு, பிறகு பெட்டி, பிறகு உள்ளே இருப்பவை. எலி கடைசி. வரிசை மாறினால் ஒவ்வொரு தவறையும் உள்ளே உயிரை வைத்துக்கொண்டே திருத்த வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிரியன் ஹாம்ஸ்டருக்கானது. சிறிய ட்வார்ஃப் வகைக்கு எங்கே அளவு மாறுமோ அங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

1. எதையும் வாங்குவதற்கு முன்: ஒரு வெப்பமானி

முதலில் வாங்க வேண்டியது கூண்டு அல்ல, அறையின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி. கூண்டு வைக்கலாம் என்று நினைக்கும் இடத்தில், அதே உயரத்தில் அதை ஒரு வாரம் வையுங்கள். காலை, பிற்பகல் மூன்று மணி, இரவு பத்து மணி என்று மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை வசதி. 26 வரை கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் ஆபத்து, ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. நம்மைப் போல வியர்வை விட்டு உடலைக் குளிர்வித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. உடம்பு முழுக்க ரோமம் வேறு.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு, ஏசி கிடையாது, சித்திரை வைகாசியில் இரவிலும் 32 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால் ஹாம்ஸ்டர் வேண்டாம். எவ்வளவு பெரிய கூண்டு கட்டினாலும் அந்தக் குறை தீராது. ஏசி உள்ள அறை ஒன்றாவது, அல்லது வெயில் படாத தரைத்தள வீடாவது இருந்தால் மேலே படியுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சின்ன வீட்டில் காலியாக இருக்கும் இடம் பெரும்பாலும் கெட்ட இடமாகவே இருக்கும். அதனால்தான் அது காலியாக இருக்கிறது. பால்கனியில் பூனையும் காகமும் வரும், சாரலும் அடிக்கும். சமையலறையில் தாளிப்புப் புகை. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் சூடு. வாஷிங் மெஷின் பக்கத்தில் அதிர்வு. பரணில் அறையின் சூடான காற்று எல்லாம் போய் நிற்கும்.

மேற்குச் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் மாலைக்குப் பிறகுதான் அதை உள்ளே விடும். ஹாம்ஸ்டர் எழுந்து நடமாடும் நேரமும் அதுதான். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

பிளக்கில் செருகும் எலி, கரப்பான் விரட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். நம் காதுக்கு எட்டாத மீயொலியை அது எழுப்புகிறது. ஹாம்ஸ்டருக்கு அது நன்றாகக் கேட்கும். வீட்டு எலியை விரட்டும் கருவியை வைத்துக்கொண்டு வளர்ப்பு எலி ஏன் வெளியே வர மறுக்கிறது என்று ஒரு நண்பர் ஒரு மாதம் குழம்பினார்.

எனக்குப் பொருந்தியது கூடத்தின் உட்சுவரை ஒட்டிய இடம். முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்பு ஸ்டாண்ட் செய்தேன். மேலே கூண்டு, கீழே பயணப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு எப்படியும் இடம் வேண்டியிருந்தது. அதன் தலைக்கு மேலே கூண்டு வந்துவிட்டது. தரையிலேயே வைத்தால் குளிர்ச்சிதான். ஆனால் வீடு துடைக்கும் பினாயிலின் ஆவி நேராக மூக்கில் ஏறும்.

3. அளவைத் தாளில் போடுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். பழைய புத்தக அலமாரியைப் படுக்க வைத்து, கண்ணாடி போட்டு, அழகாகத் தயார் செய்தேன். உயரம் ஒரு அடி. அடியில் படுக்கையை, அதாவது எலி தோண்டுவதற்கான தாளையும் மரச்சுருளையும், நிரப்பிய பிறகு அது ஓடும் சக்கரத்தை எடுத்து வைத்தால் பாதிச் சக்கரம் வெளியே நிற்கிறது.

ஆகவே கணக்கை உள்ளிருந்து வெளியே போடுங்கள்.

சக்கரம்: சிரியன் ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 28 செ.மீ. விட்டம், ட்வார்ஃபுக்கு 20 செ.மீ. ஓடும்போது முதுகு நேராக இருக்க வேண்டும். சின்னச் சக்கரத்தில் அது வில்லாக மேல்நோக்கி வளையும். ஒவ்வொரு இரவும் பல மணி நேரம் அப்படியே ஓடினால் முதுகெலும்பு கெடும்.

படுக்கையின் ஆழம்: தோண்டும் பகுதியில் குறைந்தது 25 செ.மீ. இதன் காட்டு இனம் சிரியா, துருக்கி எல்லையை ஒட்டிய வயல்களில் அரை மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வளை தோண்டி வாழ்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 10, 40, 80 செ.மீ. என்று மூன்று ஆழங்களில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. 10 செ.மீ. படுக்கையில் இருந்தவைதாம் கம்பியை அதிகம் கடித்தன. இரவில் கேட்கும் அந்தக் 'கிரிச் கிரிச்' சத்தத்துக்கு மருந்து தடிமனான கம்பி அல்ல, ஆழமான படுக்கை.

உயரம்: கூண்டின் ஒரு பாதியில் 25 செ.மீ. ஆழம், மறு பாதியில் 8 செ.மீ. போதும். சக்கரம் ஆழம் குறைந்த பாதியில் நிற்கும். 8 செ.மீ. உயர மேடை, அதன் மேல் ஸ்டாண்டோடு சேர்த்து 31 செ.மீ. சக்கரம், மொத்தம் 39. தலைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டால் கூண்டின் உயரம் 50 செ.மீ. ஆகிறது.

தரைப்பரப்பு: ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர் அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 × 50 × 50 செ.மீ. மாடி மாடியாக அடுக்கிய கூண்டு அதற்கு ஈடாகாது. ஹாம்ஸ்டர் ஏறுவதில் கெட்டி, இறங்குவதில் மோசம். கண்பார்வை மந்தம், உயரம் புரியாது. 15 செ.மீ.க்கு மேல் விழக்கூடிய இடம் எதையும் வைக்காதீர்கள்.

4. பெட்டி

கடைகளில் விற்கும் கம்பிக் கூண்டில் இந்த அளவு கிடைப்பது அரிது. பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு வளர்ப்பதைக் குளிர்நாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சென்னைப் புழுக்கத்துக்கு அது ஆகாது. பழைய மீன் தொட்டி நான்கடி நீளத்தில் மலிவாகக் கிடைத்தால் பரவாயில்லை. மேலே வலை மூடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் காற்று மேல்வழியாக மட்டுமே போய்வரும். வெயில் காலத்தில் கண் வைத்திருக்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். டைல்ஸ் கடைகளில் 1200 × 600 மி.மீ. விட்ரிஃபைட் டைல் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. வீடு கட்டி முடித்தவர்களிடம் மீந்துபோன ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அந்த ஒற்றை டைல்தான் என் கூண்டின் தரை. சிறுநீர் ஊறாது, துடைத்தால் போய்விடும், கால் வைத்தால் சில்லென்று இருக்கும், கடிக்கவும் முடியாது. நானே செய்த முதல் கூண்டின் பிளைவுட் தரை ஆறு மாதத்தில் ஊறி உப்பி நாறியதைப் பார்த்த பிறகு வந்த யோசனை இது.

டைலின் எடை சுமார் 15 கிலோ. இரும்பு ஸ்டாண்டின் மேற்சட்டத்தை அதன் அளவுக்கே ஆங்கிளில் அடித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி கட்டாயம் வையுங்கள். அது இல்லாமல் நான்கு ஓரத்தில் மட்டும் தாங்கினால் ஒரு நாள் நடுவில் விரிசல் விடும்.

அதன் மேல் அடிப்பலகை இல்லாத பெட்டி உட்காரும். பின்பக்கம் 12 மி.மீ. பிளைவுட். முன்பக்கம் கீழிருந்து ஒரு அடி வரை கண்ணாடி, அதற்கு மேல் வலை. இரண்டு பக்கங்களிலும் அதேபோல் கீழே பலகை, மேலே வலை. மேல்மூடி முழுவதும் வலை, இரண்டு கதவாகத் திறக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் வலை இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும்.

வலை வாங்கும்போது 'அரை இஞ்ச் வெல்டட் மெஷ்' என்று கேளுங்கள். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டருக்கு அது சரி. குட்டியாகவோ ட்வார்ஃபாகவோ இருந்தால் கால் இஞ்ச். மண்டை நுழையும் இடத்தில் முழு உடலும் நுழைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

தச்சரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை இரண்டு. உட்புறம் வார்னிஷோ எனாமல் பெயின்டோ வேண்டாம். பலகையின் விளிம்பு உள்ளே எங்கும் தெரியக் கூடாது. தெரியும் இடங்களில் அலுமினிய ஆங்கிள் ஒட்ட வேண்டும். பல்லுக்கு விளிம்பு கிடைத்தால்தான் கடிக்க முடியும், தட்டையான பலகையில் பல் பிடிக்காது. பெட்டி முடிந்ததும் பத்து நாளாவது காற்றோட்டமான இடத்தில் பசை வாடை போகும்வரை கிடக்கட்டும்.

5. கனமானவற்றை முதலில் வையுங்கள்

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. படுக்கையை நிரப்பி, சமன் செய்து, அதன் மேல் மண்சட்டி, மணல் தட்டு, சக்கரம் என்று அடுக்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். இரண்டாம் இரவே எலி அதற்கு அடியில் வளை தோண்டும். சட்டி சரிந்தால் வளையும் சரியும், உள்ளே இருப்பதும் நசுங்கும்.

அதனால் எடை உள்ள எதுவும் டைலின் மீதோ, டைலில் நிற்கும் காலின் மீதோதான் உட்கார வேண்டும். சக்கரத்துக்கு நான்கு கால் வைத்த சிறு மரமேடை. மணல் தட்டுக்கும் அப்படியே. படுக்கையைக் கடைசியில் இவற்றைச் சுற்றி நிரப்புங்கள்.

இரண்டு ஆழங்களையும் பிரிக்க 15 செ.மீ. உயரப் பலகை ஒன்றைக் குறுக்கே நிறுத்தலாம். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் எலி மொத்தத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளி, தனக்குப் பிடித்த வடிவத்தில் அமைத்துக்கொள்ளும்.

6. சக்கரமும் சத்தமும்

சக்கரத்தின் ஓடுதளம் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கம்பி கம்பியாக இருந்தால் கால் சிக்கி முறியும். சுவரில் தொங்கும் வகையைவிடத் தன் காலில் நிற்கும் வகை நல்லது. தொங்குவது பெட்டி முழுவதையும் மத்தளமாக்கிவிடும்.

ஒரே அறையில் தூங்குபவர்கள் பேரிங் வைத்த சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்த்தால் தூக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். ஸ்டாண்டின் நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் வையுங்கள். பாதிச் சத்தம் தரை வழியாகத்தான் கீழ்வீட்டுக்குப் போகிறது.

என் முதல் சக்கரம் கிறீச்சிட்டபோது அச்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது, எறும்பு வந்தது. இப்போது மெழுகுவர்த்தியை அச்சில் தேய்த்துவிடுகிறேன்.

7. படுக்கை

25 செ.மீ. ஆழம் என்றால் பாதிக் கூண்டுக்கே 90 லிட்டர் படுக்கை வேண்டும். கடையில் விற்கும் சின்னப் பொட்டலங்களில் இதை வாங்க முடியாது.

நல்லது, தூசி இல்லாத காகிதப் படுக்கையும் ஆஸ்பென் மரச்சுருளும். இணையத்தில் வரவழைக்கலாம், விலை உறைக்கும். நான் பாதியை பைண்டிங் கடையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நோட்டுகளின் ஓரத்தைச் சமமாக வெட்டும்போது வெள்ளைத் தாள் கீற்றுகள் சாக்குச் சாக்காக விழும். அச்சு மை இல்லாததைப் பொறுக்கி, கையால் நன்றாகக் கசக்கி, காகிதப் படுக்கையோடு கலக்கிறேன். தாள் மட்டும் இருந்தால் வளை நிற்காது. முயலுக்கு விற்கும் காய்ந்த புல்லை இடையிடையே அடுக்கி, உள்ளங்கையால் அழுத்துங்கள். புல் கம்பி போலவும் தாள் சிமெண்டு போலவும் வேலை செய்து சுரங்கத்தைத் தாங்கும். அழுத்தாமல் பொலபொலவென்று விட்டால் எலி தோண்டத் தோண்டச் சரியும், பிறகு அது முயல்வதையே விட்டுவிடும்.

தவிர்க்க வேண்டியவற்றுக்குக் காரணங்கள் உண்டு. தச்சுப் பட்டறைச் சுருளில் பிளைவுட் பசையும் நுண்தூளும் கலந்திருக்கும். பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வைக்கோலின் முனைகள், எலி தீனியை அடைத்துக்கொள்ளும் கன்னப்பையைக் குத்தும். 'ஹாம்ஸ்டர் பஞ்சு' என்று விற்கும் மென்பஞ்சு எல்லாவற்றிலும் மோசம். நூல் காலைச் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். கூடு கட்டுவதற்கு வாசனை இல்லாத டிஷ்யூ தாள் இரண்டைக் கிழித்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் கன்னத்துக்குள் போய் மறைவதைப் பார்ப்பது தனிச் சுகம்.

8. வீடு, மணல், தண்ணீர்

வீட்டுக்குப் புதிய மண்சட்டி போதும். ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, கழுவி, வெயிலில் காயவைத்து, பக்கவாட்டில் சாய்த்துப் பாதி புதையுங்கள். வாய் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கன்னப்பை இரண்டிலும் தானியத்தை அடைத்துக்கொண்டு வரும்போது தலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கொட்டாங்குச்சி வளர்ந்த சிரியனுக்குச் சிறியது. ட்வார்ஃபுக்குப் பொருத்தமான வீடு.

மணல் குளியலுக்கு ஆற்றுமணல். மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, பழைய வாணலியில் வறுத்து ஆறவையுங்கள். எம்-சாண்ட் கூடாது. அது உடைத்த பாறை. கூர்மையும் தூசியும் அதிகம். கடற்கரை மணலும் வேண்டாம். மணலைப் பெரும்பாலான ஹாம்ஸ்டர்கள் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்கின்றன. உங்கள் வேலைதான் குறைகிறது.

தண்ணீருக்கு பாட்டிலும் வையுங்கள், சின்னப் பீங்கான் கிண்ணமும் வையுங்கள். பாட்டில் முனையில் உள்ள குண்டு சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், எலி தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

9. எறும்பு

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது ஒரு வரிகூட இருக்காது. நம் ஊரில் கூண்டைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் எறும்புக்குத்தான். ஹாம்ஸ்டர் தின்பதைவிடச் சேமிப்பது அதிகம். படுக்கைக்கு அடியில் கம்பும் சூரியகாந்தி விதையும் குவிந்துகிடக்கும் ஒரு கிடங்கு எப்போதும் இருக்கும்.

எறும்புச் சாக்பீஸும் எறும்புப் பொடியும் பூச்சிக்கொல்லி. கூண்டின் பக்கத்திலேயே வரக் கூடாது. பாட்டி காலத்து வழிதான் சிறந்தது: ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணத்தில். தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் எறும்புக்குப் பதிலாக டெங்கு கொசுவை வளர்ப்பீர்கள். ஆறாம் பகுதியில் சொன்ன ரப்பரைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணம் வைத்தும் எறும்பு வந்தால் பாலத்தைத் தேடுங்கள். கூண்டு சுவரைத் தொடுகிறதா, திரைச்சீலை உரசுகிறதா, வெப்பமானியின் ஒயர் தொங்குகிறதா? எங்கள் வீட்டில் ஒரு வாரம் புரியவில்லை. நடு இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது கொசுவலையைக் கட்டிய கயிற்றில் ஒற்றை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தினை.

கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் எரியும் கொசு மருந்து, சாம்பிராணி, அந்துருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம். கூண்டின் மேல் கொசுவலைத் துணி போர்த்தினால் பல்லியும் விழாது.

10. வெயில் காலத்து ஏற்பாடு

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு ஓடாமல் பங்குனியிலேயே தயார் செய்யுங்கள். கடப்பா கல் அல்லது கிரானைட் துண்டு ஒன்றை நன்றாகக் கழுவிக் கூண்டுக்குள் டைலின் மேல் வையுங்கள். எலி வயிற்றை அதில் ஒட்டிப் படுக்கும். ஒரு லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, இரண்டிரண்டாகத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே, பக்கவாட்டு வலையை ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு உருகும்போது இரண்டு உறையும்.

ஈரத்துணி தொங்கவிடும் வித்தை மதுரை, திருச்சி, வேலூரில் நன்றாக வேலை செய்யும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணி காயாது, குளிரவும் குளிராது. படுக்கையில் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராக அடிக்க வேண்டாம்.

கை கால்களைப் பரப்பிக் கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வாயோரம் எச்சில், தள்ளாட்டம் இவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். குளிர்ந்த அறைக்கு மாற்றி, காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் இவ்வளவு சின்ன விலங்கைப் பார்ப்பதில்லை. யார் பார்ப்பார் என்பதை எலி வருவதற்கு முன்பே விசாரித்து எண்ணைக் கூண்டில் ஒட்டிவைத்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம்.

11. வெற்றுக் கூண்டு ஒரு வாரம்

எல்லாம் தயார். இப்போதும் கடைக்குப் போகாதீர்கள். வெப்பமானியை இந்த முறை கூண்டுக்குள் வைத்து ஒரு வாரம் பாருங்கள். அறையைவிட உள்ளே இரண்டு டிகிரி கூடுதல் என்றால் காற்றோட்டம் போதவில்லை. பாட்டிலுக்கு அடியில் படுக்கை நனைகிறதா, கதவுக் கொக்கி ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறதா, எறும்பு வருகிறதா என்று பாருங்கள். எறும்பைச் சோதிக்க உள்ளே ஒரு பிடி கம்பைத் தூவிவிடலாம்.

12. எலி வருகிறது

ஒன்றுதான் வாங்க வேண்டும். 'ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், தனியாக இருந்தால் ஏங்கிச் செத்துவிடும்' என்று எந்தக் கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். சிரியன் ஹாம்ஸ்டர் தனித்து வாழும் விலங்கு. இரண்டு மாத வயதைத் தாண்டினால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சினைக்காலம் வெறும் 16 நாள்.

என் அக்கா மகள் ஜோடியாகத்தான் வாங்கி வந்தாள். "மாமா, ரெண்டும் அக்கா தங்கச்சியாம்" என்றாள். மூன்றாம் வாரம் ஒன்பது குட்டிகள்.

கடையில் அது படுத்திருந்த படுக்கையில் ஒரு பிடி கேட்டு வாங்கி, சட்டிக்குள் போடுங்கள். தெரிந்த வாசனை ஒன்றாவது இருக்கும். முதல் நான்கைந்து நாள் கையை உள்ளே விடாதீர்கள். சாப்பாடும் தண்ணீரும் மட்டும். மூன்று நாள் கண்ணிலேயே படாவிட்டாலும் தோண்டிப் பார்க்கக் கூடாது. இரவில் தூவிய தானியம் காலையில் காணாமல் போயிருந்தால் உள்ளே எல்லாம் நலம்.

தானியத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் படுக்கை மேல் தூவுங்கள். தேடித் தின்பதுதான் அதற்கு இரவு வேலை.

13. சுத்தம் செய்தல்

நாற்றம் வருகிறது என்று வாராவாரம் கூண்டைக் காலிசெய்து கழுவுவது இரட்டைத் தவறு. தன் வாசனை போய்விட்டதே என்று எலி பதறி மறுபடி எல்லா இடத்திலும் வாடை பூசும், நாற்றம் கூடும். தினமும் மணல் தட்டில் நனைந்த கட்டிகளையும் மிஞ்சிய வெள்ளரி, கேரட் துண்டுகளையும் எடுத்தால் போதும். மாதம் ஒரு முறை அல்லது இரண்டு முறை, படுக்கையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதுவும் நனைந்த பகுதியில், மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் கையை விட்டுத் துழாவி ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

டைலையும் கண்ணாடியையும் துடைக்கத் தண்ணீரில் கலந்த வினிகர். பினாயிலும் டெட்டாலும் வேண்டாம். உணவுக் கிடங்கு கண்ணில் பட்டால் அழுகியதை மட்டும் எடுத்து, அதே அளவு புதிய தானியத்தை அதே இடத்தில் வைத்து மூடிவிடுங்கள். முழுவதையும் அள்ளிவிட்டால் அன்றிரவு முழுக்க அது கூண்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடும்.

14. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் எலியைப் பேருந்தில் தூக்கிச் செல்லாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, தினம் ஒரு முறை வந்து மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள்: பாட்டில் முனையைத் தட்டுவது, ஒரு தேக்கரண்டி தானியம் தூவுவது, வெப்பமானியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவது. சித்திரையிலோ வைகாசியிலோ போவதாக இருந்தால் ஏசி உள்ள வீட்டுக்காரர் யார் என்று முதலில் யோசியுங்கள். கூண்டை நகர்த்த முடியாது என்பதால், அந்த நான்கு நாளுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் அதன் பழைய படுக்கையோடு எலியைக் கொண்டுபோய் விடலாம்.